எட்டு மாதத்தில் கலாநிதி! பிள்ளைகளின் விஷயத்தில் இந்த வியாபாரம் வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை பெற்றவர்களும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். திட்ட நினைப்பவர்களும் முழுதாக வாசித்துவிட்டே திட்டுங்கள்.

கடந்த கிழமை இன்டர்வல் நேரம். எங்கள் பாடசாலையில் உளவளத்துணைக்குப் பொறுப்பான டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து போனை மேசையில் வைத்தார். எங்களில் அதிகம் பேருக்கு மூத்தவர். நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"இதைக் கொஞ்சம் பாருங்க. செய்யலாமா, வேணாமா?"

வட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். பாடசாலை உளவியலில் கலாநிதிப் பட்டம். எட்டு மாதம். முழுவதும் ஒன்லைன். ஆசிரியர்களின் சேவை அனுபவத்துக்கு 80 வீதம் வரை கிரெடிட் விலக்கு. ஆங்கிலம் தேவையில்லை, ஆய்வுக்கும் உதவி செய்யப்படும். கொழும்பில் பெரிய ஹோட்டலில் பட்டமளிப்பு விழா. பணத்தைத் தவணை முறையில் கட்டலாம். கீழே ஒருவர் கவுணும் தொப்பியும் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்டாஃப் ரூமில் உடனே இரண்டு கட்சி. "செய்யுங்க ராத்தா, ஊரில எத்தனை பேர் போட்டுக்கொண்டு திரியிறாங்க, உங்களுக்கு என்ன குறை?" என்றது ஒரு கட்சி. "காசைக் கடலில் போடாதீங்க" என்றது மற்றது. மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அன்று பின்நேரம் நாலைந்து பேர் மீண்டும் கூடிப் பேசினோம். பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எட்டு மாதக் கலாநிதியிடம் போன ஒரு பிள்ளையின் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் பாடசாலையில் தரம் நான்கில் ஒரு மகன் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சொல்வதெழுதல் எழுதினால் பாதிச் சொல் பிழை. சும்மா சும்மா சிரிப்பான். உம்மாவுக்கு யாரோ ஒரு "டொக்டரை"ச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளின் உளவியல் நிபுணர் என்று போர்ட் போட்டவர். பெயருக்கு முன்னால் கலாநிதி, பெயருக்குப் பின்னால் ஒரு வரி நீளத்துக்கு எழுத்துகள். அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்தார். ஏதோ படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். இரண்டு பக்க அறிக்கை கொடுத்தார். பிள்ளைக்குப் புத்திக் குறைபாடு, சாதாரண வகுப்பில் வைத்துப் பிரயோசனமில்லை, விசேட பிரிவுக்கு மாற்றுங்கள், மாதம் இரண்டு தடவை என்னிடம் கொண்டுவாருங்கள் என்று.

அந்த உம்மா பாடசாலை மதிலோரமாக நின்று அழுததை நாங்கள் பார்த்தோம். வாப்பா வெளிநாட்டில். போனில் அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லையாம்.

அறிக்கை வந்து பல மாதம் கழித்துத்தான் வகுப்பு டீச்சர் ஒன்றைக் கவனித்தார். முகத்தைப் பார்த்துப் பேசினால் அவனுக்கு விளங்குகிறது. பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் விளங்குவதில்லை. ஆதார வைத்தியசாலையில் காது பரிசோதித்தார்கள். சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்து, கவனிக்காமல் விட்ட பிள்ளை. கேட்கும் திறன் குறைந்துபோயிருந்தது. புத்தியில் ஒரு குறையுமில்லை. இப்போது முன் வரிசையில் இருக்கிறான், கணக்கில் வகுப்பில் முன்னுக்கு நிற்கிறான். ஆனால் ஒரு வருடம் போனது போனதுதான். "நான் மொக்கன் என்று டொக்டரே எழுதித் தந்திருக்கார்" என்று அந்தப் பிள்ளை கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்த வருடம் அது.

பாடசாலை உளவியலை ஒழுங்காகப் படித்த எவரும் பிள்ளையைச் சோதிக்க உட்காரும் முன் முதலில் கேட்பது, கண்ணும் காதும் பரிசோதித்தீர்களா என்பதைத்தான். அது இந்தத் துறையின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடிகூடத் தெரியாத ஒருவருக்குக் கலாநிதி என்று எழுதிக் கொடுத்தது யார்? எந்தப் படிப்பைக் காட்டி, எந்தக் கிரெடிட்டை எண்ணிக் கொடுத்தார்கள்?

கிரெடிட் என்பது வெறும் நிர்வாகச் சொல் என்று நினைக்கிறோம். இந்தச் சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே உண்மையான பட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பாடசாலை உளவியல் தனித் தொழிலாக நன்கு வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே பாடசாலை உளவியலாளர்களின் தேசிய சங்கம் வைத்திருக்கும் தரத்தின்படி, கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது 90 பட்டப்பின் கிரெடிட் வேண்டும். அங்கே ஒரு கிரெடிட் என்றால் ஒரு செமஸ்டர் முழுக்க, ஏறத்தாழ 15 கிழமை, கிழமைக்கு ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணி நேர வேலையும். அதற்கு மேல் 1,500 மணி நேர உள்ளகப் பயிற்சி. அதில் குறைந்தது 600 மணி நேரம் பாடசாலைக்குள் நிற்க வேண்டும். பக்கத்தில் தகுதியுள்ள மேற்பார்வையாளர் இருக்க வேண்டும்.

1,500 மணி நேரம் என்றால் என்ன? எங்கள் பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. ஆறு மணி நேரம். அந்தக் கணக்கில் 250 நாள். எங்கள் பாடசாலை ஆண்டில் அத்தனை நாள் கிடையாது. பயிற்சிக்கு மட்டுமே ஒரு வருடத்துக்கு மேல். எட்டு மாதத்தில் வகுப்பு, பயிற்சி, ஆய்வு எல்லாவற்றையும் எங்கே அடக்குவது?

அனுமதியும் இலேசானதல்ல. முதல் பட்டத்தின் பெறுபேறுகள், தெரிந்த ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஏன் இந்தத் துறைக்கு வருகிறேன் என்று விண்ணப்பதாரர் தானே எழுதும் விளக்கம், அதற்குப் பிறகு நேர்முகம். பல இடங்களில் வருடத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பேரைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு பேராசிரியர் வேண்டும் என்பதுதான் காரணம்.

சரி, ஏற்கனவே படித்துவிட்டு வருகிறவர்களுக்கு? அங்கேதான் கிரெடிட் மாற்றம் வருகிறது. முதுமாணி முடித்தவர், அல்லது அதற்கு மேலான "ஸ்பெஷலிஸ்ட்" நிலை முடித்தவர், தான் படித்த பாடங்களைக் கலாநிதிப் படிப்பில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். நியாயமான ஏற்பாடு. ஒரே புள்ளிவிபரவியலை ஒருவர் எதற்கு இரண்டு முறை படிக்க வேண்டும்?

ஆனால் கேட்டவுடன் கிடைப்பதில்லை. படித்த பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெறுபேறு பொதுவாக "பி"க்குக் குறையக் கூடாது. எத்தனையோ வருடத்துக்கு முன் படித்தது என்றால் பல இடங்களில் செல்லாது, ஏனென்றால் துறை மாறிவிட்டது. இரண்டு பாடமும் ஒன்றுதான் என்று ஒரு பேராசிரியர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆய்வையும் உள்ளகப் பயிற்சியையும் பொதுவாக மாற்றவே முடியாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமென்றால், உள்ளகப் பயிற்சியைச் சேர்க்காமலே குறைந்தது மூன்று முழுநேரக் கல்வியாண்டுக்குச் சமமான படிப்பு வேண்டும். அதில் இரண்டு ஆண்டாவது பட்டம் தரும் அதே இடத்தில் படித்திருக்க வேண்டும், ஓர் ஆண்டு முழுநேரமாக அங்கேயே இருந்திருக்க வேண்டும். எவ்வளவு கிரெடிட் கொண்டுவந்தாலும் இந்த எல்லையைத் தாண்டிக் கழிக்க முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பட்டம் கொடுப்பவர் "இந்த மனிதரை எனக்குத் தெரியும், இவர் பிள்ளைகளோடு வேலை செய்வதை என் கண்ணால் பார்த்தேன், இவரை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கலாம்" என்று சாட்சி சொல்கிறார். பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல முடியாது.

இங்கிலாந்தையும் பாருங்கள். அங்கே 2006 வரைக்கும் கல்வி உளவியலாளராக வர வேண்டுமென்றால் ஆசிரியர் தகைமையும் சில வருடப் படிப்பித்த அனுபவமும் கேட்டார்கள். பிறகு அதை மூன்று வருடக் கலாநிதிப் படிப்பாக மாற்றினார்கள். ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போனது. பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் இல்லாமல் இன்றைக்கும் உள்ளே போக முடியாது. ஆனால் 20 வருட அனுபவம் இருக்கிறது என்பதற்காக மூன்று வருடத்தை ஒரு வருடமாக்கித் தர மாட்டார்கள். அந்தத் தொழிற்பெயரையும் அங்கே சட்டம் பாதுகாக்கிறது. பதிவில்லாமல் போர்டில் போட்டால் குற்றம்.

எங்கள் கருத்தும் இதுதான். அனுபவத்தைக் காட்டினால் உள்ளே போகக் கதவு திறக்க வேண்டும். சோதனை எழுதிச் சித்தியடைந்த படிப்பைக் காட்டினால் அந்த அளவுக்குப் பாடம் கழிய வேண்டும். பணத்தைக் காட்டினால் எதுவும் கழியக் கூடாது. எங்கள் ஊர்களில் இன்று மூன்றும் தலைகீழாக நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாடசாலையில் உளவியலாளராக வேலை செய்யக் கலாநிதிப் பட்டமே கட்டாயமில்லை. மேலே சொன்ன ஸ்பெஷலிஸ்ட் நிலைதான் நுழைவு நிலை. முதல் பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 60 கிரெடிட், 1,200 மணி நேர உள்ளகப் பயிற்சி, அதில் 600 மணி நேரம் பாடசாலையில். பெயருக்கு முன்னால் டொக்டர் இல்லாதவர்கள்தான் அங்கே பெரும்பாலான பாடசாலைகளில் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் உண்மையான பயிற்சி இருக்கிறது. எங்களிடம் பயிற்சி இல்லை, டொக்டர் மட்டும் தெருவுக்கு ஒன்று. பிள்ளைக்குத் தேவை அந்த 1,200 மணி நேரம். "கலாநிதி" தேவைப்படுவது பெரியவர்களின் அழைப்பிதழுக்கு.

இப்போது ராத்தாவிடம் வருவோம். விளம்பரக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நியாயமில்லை. படித்த, தொழுகை தவறாத, ஒரு சதம் களவெடுக்காத ஒரு டீச்சர் ஏன் அந்த மெசேஜை எங்களிடம் காட்டினார்?

2004 டிசம்பர் 26இல் சுனாமி எங்கள் கரையை அள்ளிக்கொண்டு போனது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று வீட்டுக்கு வீடு மையித்து. அப்போது ராத்தா புதிதாக நியமனம் பெற்றவர். பாடசாலைகள் அகதி முகாம்களாக இருந்தன. மூன்று நாள் செயலமர்வுக்குப் போய்விட்டு வந்து, கடல் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். வேறு யாரும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று ஓர் உளவளத்துணை டிப்ளோமாவுக்குச் சேர்ந்தார். வார இறுதிகளில், ஒன்றரை வருடம். சோதனை எழுதி, செயன்முறைப் பயிற்சி செய்து, நல்ல பெறுபேறோடு முடித்தார். பிறகு திறந்த கல்வியில் பட்டமும் முடித்தார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஹபாயா போட்ட பிள்ளைகள் பஸ்ஸில் ஏறப் பயந்த நாட்களில், கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரித்தபோது வாப்பும்மாவை நினைத்து இரவில் கத்தி எழும்பிய பிள்ளைகளோடு, 2022இல் வீட்டில் ஒரு நேரம்தான் சாப்பாடு என்று வகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளைகளோடு உட்கார்ந்ததும் அவர்தான்.

அவர் ஒரு முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. டிப்ளோமாவுக்கு ஒரு கிரெடிட்டும் கழியாது என்றார்கள். ஏன் என்று கேட்டார். "அப்படி வழக்கமில்லை." எழுத்தில் தரச் சொன்னார். தரவில்லை. பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஒருவரும் கையில்கூட எடுக்கவில்லை. விரிவுரை ஆங்கிலத்தில். வகுப்பு சனி, ஞாயிறு கொழும்பில். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு இங்கே பஸ் ஏறினால் சுபஹு நேரம் போய்ச் சேரலாம். ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து. மூன்று பிள்ளைகளின் தாய். இரண்டு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இந்த நாட்டில் சட்டகம் இல்லாமலா? இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகம் 2012இல் வந்தது. 12 மட்டங்கள். சாதாரண தரம் முதலாம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேரக் கற்றல் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பட்டப்பின் டிப்ளோமாவுக்கு 25 கிரெடிட். பாடநெறியும் ஆய்வும் சேர்ந்த முதுமாணிக்கு 60 கிரெடிட், அதாவது குறைந்தது 3,000 மணி நேரம். ஒரு நாளும் விடாமல் தினம் நான்கு மணி நேரம் படித்தாலும் 750 நாள், இரண்டு வருடத்துக்கு மேல். இது முதுமாணிக்கு. கலாநிதி அதற்கும் மேலே இருக்கிறது. எட்டு மாதம் எங்கே, இது எங்கே?

கிரெடிட்டைச் சேர்த்து வைப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது, முன்கற்றலை அங்கீகரிப்பது என்ற விடயங்களெல்லாம் அதே சட்டகத்தில் பேசப்படுகின்றன. ஆனால் ராத்தாவைப் போன்ற ஓர் ஆசிரியை விண்ணப்பப் படிவத்தோடு போய் நின்றபோது, அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவருக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. உண்மையாகப் படித்த ஒன்றரை வருடத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பெறுமதி பூச்சியம். விளம்பரக்காரன் கொடுப்பது 80 வீதம். இரண்டு பேருமே அவருடைய டிப்ளோமாவைத் திறந்து பார்க்கவில்லை. ஒருவர் பார்க்காமல் மறுத்தார், மற்றவர் பார்க்காமல் கொடுக்கிறார். அநியாயம் இரண்டு பக்கமும்தான்.

இதை நாங்கள் சொன்னால் வரும் பதில்கள் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பல்கலைக்கழகம் அடைத்த கதவை இவர்களாவது திறக்கிறார்களே?" கதவைத் திறந்தால் உள்ளே வீடு இருக்க வேண்டும். இங்கே வெறும் கதவுதான் நிற்கிறது. அந்த எட்டு மாதத்தில் ராத்தாவுக்கு ஒரு புதிய விடயமாவது யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? அவர் ஒரு பிள்ளையோடு பேசும்போது பக்கத்தில் இருந்து, "இந்த இடத்தில் பிழைவிட்டீர்கள்" என்று சொல்ல ஒருவர் வருவாரா? இல்லை. பிறகு எதற்குப் பணம்? ஏற்கனவே இருப்பதற்கு ஒரு பொய்ப் பெயர் வாங்கத்தான்.

"பெயருக்கு ஒரு பட்டம், யாருக்கு என்ன நட்டம்?" அந்தத் தரம் நான்கு மகனின் உம்மாவிடம் போய்க் கேளுங்கள். இலக்கியத்தில் கௌரவப் பட்டம் வாங்கிப் போட்டுக்கொண்டால் கவிதை ஒன்றும் செத்துப் போகாது. உளவியலில் போட்டால் நாளைக் காலை ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். போர்டைப் பார்த்து நம்பித்தான் வருவாள். தற்கொலை எண்ணத்தோடு ஓர் உயர்தர மாணவி வந்து நின்றால் அந்த எட்டு மாதக் கலாநிதி என்ன செய்வார்?

"நம்மவர்களை நாமே சந்திக்கு இழுக்கலாமா?" நாங்கள் யாருடைய பெயரையும் எழுதவில்லை, எழுதப் போவதுமில்லை. இது எங்கள் சமூகத்தின் வியாதி மட்டுமல்ல, நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் பொறுப்பு. மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்துத் தீங்கு செய்தவர் அதற்குப் பொறுப்பாளி என்பது ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டித் தந்த வழி. பொய்ச் சாட்சி பெரும் பாவங்களில் ஒன்று என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். படிக்காததைப் படித்ததாகக் காட்டும் கடதாசி பொய்ச் சாட்சியா இல்லையா? ஆலிம்கள் இதை மிம்பரில் சொல்ல வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறோம்.

இதில் எங்கள் கையும் சுத்தமில்லை. பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம அதிதியின் பெயரை எழுதும்போது, அவர் எழுதித் தந்தபடியே "கலாநிதி" என்று அச்சடித்தது நாங்கள்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்க வெட்கப்பட்டோம். கேட்டால் கோபிப்பார், நன்கொடை வராது என்று பயந்தோம். எங்கள் ஆசிரியர்களிலும் அதிபர்களிலும் சிலர் இந்தக் கவுணைப் போட்டுப் படம் எடுத்தபோது, முகநூலில் முதலில் மாஷா அல்லாஹ் எழுதியதும் நாங்கள்தான். அந்த மாஷா அல்லாஹ்கள்தான் இந்த வியாபாரத்தின் விளம்பரம்.

இனி என்ன செய்யலாம்? நாங்கள் பேசி முடிவெடுத்தவை இவை.

பெற்றோருக்கு. பிள்ளையின் மனம், படிப்பு, புத்தி சம்பந்தமாக யாரிடம் போனாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

1. உங்களுடைய முதல் பட்டம் எந்தத் துறையில், எந்தப் பல்கலைக்கழகத்தில்?
2. இந்தப் படிப்பு எத்தனை வருடம்? எங்கே, யாருடைய மேற்பார்வையில் பிள்ளைகளோடு பயிற்சி செய்தீர்கள்?
3. அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? ஆணைக்குழுவிடம் நாங்களே கேட்டு உறுதி செய்யலாம்.
4. பிள்ளையின் கண், காது பரிசோதிக்கப்பட்டதா என்று பார்த்தீர்களா? வகுப்பு ஆசிரியரோடு பேசினீர்களா?
5. உங்களால் முடியாது என்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் பிள்ளையை விடாதீர்கள். உண்மையாகப் படித்தவருக்குத் தன் எல்லை தெரியும். அரச வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். அவசரத்துக்கு தேசிய உளநல உதவி இலக்கம் 1926. பிள்ளைக்குத் துஷ்பிரயோகம் என்றால் 1929. இந்த இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும். நோட்டீசில் கலாநிதி என்று போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். கௌரவப் பட்டம் என்றால் "கௌரவ" என்ற சொல்லைச் சேர்த்தே போடுங்கள். பிள்ளை வளர்ப்பு, போதைப்பொருள், பரீட்சைப் பயம் என்று நிகழ்ச்சி வைக்கும்போது தகுதியுள்ளவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு டொக்டர் பட்டம் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை.

பல்கலைக்கழகங்களுக்கு. எங்கள் வரிப்பணத்தில் நடப்பவை என்ற உரிமையோடு கேட்கிறோம். எந்த முன்படிப்புக்கு எத்தனை கிரெடிட் கழியும், எதற்குக் கழியாது என்பதைத் தமிழிலும் எழுதி எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். டிப்ளோமா முடித்த ஆசிரியர்களின் பாடத்திட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். தரம் போதாது என்றால் போதாது என்று சொல்லுங்கள், எந்தப் பாடம் குறைகிறது என்று சொல்லுங்கள், அதை மட்டும் படித்துக்கொண்டு வருகிறோம். உளவளத்துணையில் பட்டப்பின் படிப்பைத் தமிழ் மொழி மூலமும், எங்கள் பகுதியிலேயும் நடத்துங்கள். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தமிழில் அழுகிற பிள்ளையோடு தமிழில்தான் பேச வேண்டும், அதற்கான பயிற்சியையும் தமிழில் தருவதில் என்ன தரக் குறைவு? தரத்தைக் குறைக்கச் சொல்லி ஒருபோதும் கேட்க மாட்டோம். 1,500 மணி நேரம் என்றால் 1,500 மணி நேரம்தான். அந்த மணி நேரத்தைச் செய்ய ஒரு வழி காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வசதி படைத்தவர்களுக்கு. மினாரா கட்ட, மண்டபம் கட்ட நன்கொடை தருகிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. இரண்டு ஆசிரியர்களை, முடிந்தால் ஓர் ஆசிரியையையும் ஓர் ஆசிரியரையும், ஒழுங்கான பல்கலைக்கழகத்தில் இரண்டு மூன்று வருடம் படிக்க வைக்கும் செலவை ஒரு சங்கம் பொறுப்பெடுக்கலாம். ஒருமுறை செய்தால் ஓய்வுபெறும் வரை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் ஸதகா அது.

சக ஆசிரியர்களுக்கு. அந்தக் கவுணைப் போடாதீர்கள். போட்டவர்கள் கழற்றிவிடுங்கள், யாரும் கேலி செய்ய மாட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டம் சேர், டீச்சர். அதற்கு மேல் ஒன்று வேண்டுமென்றால் அதைப் படித்தே எடுப்போம்.

கடைசியாக ராத்தா. நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "நீங்க சொல்றது சரிதான். ஆனா பொய்க் கதவுல போகாதே எண்டு சொல்றதுக்கு எல்லாரும் வாறீங்க. உண்மையான கதவைத் தட்டிக்கொண்டு நிண்டன், அப்ப ஒருத்தரும் பக்கத்தில நிக்கலையே."

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

நேற்று வரை அந்த மெசேஜை அவர் அழிக்கவில்லை. அழிக்க வைப்பது எங்கள் வாயில் இல்லை. அடுத்த முறை அவர் விண்ணப்பப் படிவத்தோடு போகும்போது நாங்களும் கூடப் போகப் போகிறோம். டிப்ளோமாவின் பாடத்திட்டத்தை முழுதாகப் பிரதி எடுத்துக் கோவையாக்கி வைத்திருக்கிறோம். கிரெடிட் கழியாது என்றால் ஏன் என்று எழுத்தில் வாங்காமல் திரும்ப மாட்டோம். பதில் என்ன வந்தாலும் இங்கே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

இதே அனுபவம் உள்ள ஆசிரியர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள். தனித்தனியாகப் போனால் "வழக்கமில்லை" என்பார்கள். 20 பேராகப் போனால் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளை அறிவில்லாதவர்களின் கையிலிருந்தும், எங்களைப் பொய்ப் பெருமையிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.